பச்சை விளக்கு எரிந்தபோது உன் ‘நிலை’ சொன்னது

என் ஸ்டெல்லாக் கண்ணு,

போன செவ்வாய்க்கிழமை நம் ஆஸ்பத்திரியில் நடந்ததை உன்னிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இதில் எனக்குப் பெருமைப்பட ஒன்றுமில்லை. அதனால்தான் சொல்கிறேன்.

காலை பத்தரை மணி. முத்தியால்பேட்டையிலிருந்து பிரசவத்துக்கு வந்த ஒரு பெண்ணுக்கு ரத்தப்போக்கு நிற்கவில்லை. அவசரத்துக்கு வைத்திருந்த ஒரே ரத்தப் பை அவளுக்கு ஏறிக்கொண்டிருந்தது. எந்த ரத்தம் அவளுக்குச் சேரும் என்று லேப் மெஷின் பார்த்துவிட்டது. ஆனால் அது முடிவை நேராகச் சர்வருக்குத்தானே அனுப்பும்? சர்வர் அப்படியே நின்றுவிட்டது.

மேனேஜர் கம்ப்யூட்டர் அறைக்கு ஓடி வந்து என் நாற்காலிக்குப் பின்னால் நின்றார். “கலாம்மா, ரீஸ்டார்ட் பண்ணுங்க. என்னா யோசிக்கிறீங்க?”

“சார், பண்ணா லேப்ல இருந்து வந்ததெல்லாம் போயிடும். திரும்ப டெஸ்ட் பண்ண முக்கா மணி நேரம் ஆவும்.”

“அதுவரைக்கும் அந்தப் பொண்ணு தாங்குமா?”

சர்வர் நன்றாக ஓடுகிறதா என்று காட்ட நான் ஆசையாக வாங்கிப் போட்ட அந்தக் கலர் திரையைப் பார்த்தேன். எல்லாமே பச்சை. பிராசசர் சும்மா இருக்கிறது, மெமரி நிறைய இருக்கிறது. பிறகு ஏன் நின்றது? வேறு வழி தெரியாமல் கருப்புத் திரையைத் திறந்து, நீ எழுதி வைத்த அந்தக் கட்டளையை அடித்தேன். ‘நிலை’.

வெள்ளை எழுத்தில் வரிவரியாக வந்தது. கணினி எத்தனை நாளாக ஓடுகிறது, எந்தப் புரோகிராம் ஓடுகிறது, எது எதற்காகக் காத்திருக்கிறது. கடைசியில் இருந்தது: லேப் புரோகிராம் காத்திருக்கிறது, பேக்கப் டிஸ்க் பதில் தரவில்லை.

ஒவ்வொரு முடிவையும் முதலில் நகல் எடுத்து வைக்கும் அந்தப் பேக்கப் மெஷின் பின்கட்டு அறையில்தானே இருக்கிறது? ஓடினேன். உள்ளே பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார்கள். மெஷின் செத்துக் கிடந்தது.

“யாருங்க இத புடுங்குனது?”

“லைட்டு போட பிளக்கு வேணும்னு நாந்தாங்க எடுத்தேன்,” என்றார் ஏணி மேலிருந்தவர்.

மாட்டிவிட்டு ஓடி வந்தேன். அது எழுந்து வர வேண்டும். நிலை என்று அடித்தேன். காத்திருக்கும் லேப் முடிவுகள் முப்பத்தெட்டு. மறுபடி அடித்தேன். முப்பத்தெட்டு. பிரசவ வார்டிலிருந்து போன் வந்தது, மேனேஜர் எடுக்கவில்லை. “ரீஸ்டார்ட் பண்ணிடலாம்மா,” என்றார். “ரெண்டு நிமிஷம் சார்,” என்றேன். எந்தத் தைரியத்தில் சொன்னேன்? மறுபடி அடித்தேன். பதினொன்று. அடுத்த முறை காத்திருப்பது ஒன்றுமில்லை.

லேபிலிருந்து “வந்துருச்சு!” என்று கத்தினார்கள். ரத்தப் பை வார்டுக்குப் போனது. அந்தப் பெண் பிழைத்துவிட்டாள், ஸ்டெல்லா. பிள்ளையும் நன்றாக இருக்கிறது.

இனிச் சொல்லக் கூசுவதைச் சொல்கிறேன். வில்லியனூர் ரோட்டில் உன் ஸ்கூட்டி சாய்வதற்கு முந்தின வாரம், மீட்டிங்கில் எல்லார் முன்னாலும் நான் கேட்டேன்: “இந்தக் கருப்பு ஸ்கிரீனயெல்லாம் யாரு படிப்பா? தூக்கிடலாம்.” நீ கோபப்படவில்லை. “கலரு, நல்லாருக்குன்னு மட்டுந்தான்க்கா சொல்லும். நல்லால்லன்னா ஏன்னு சொல்லாது,” என்றாய். நான் சிரித்தேன். நீ போன பிறகும் எனக்குப் புத்தி வரவில்லை. சர்வரிலிருந்து அழிக்க வேண்டியவற்றின் பட்டியலில் ‘நிலை’யை என் கையாலேயே எழுதினேன். இந்த வெள்ளிக்கிழமை அது போயிருக்கும்.

மேனேஜர் எல்லார் முன்னாலும் என்னைப் பாராட்டினார். கைதட்டல் முடிந்ததும் எழுந்து, அது நீ எழுதியது என்றும், நான் அழிக்க இருந்தேன் என்றும் சொன்னேன். உனக்குக் கேட்டிருக்குமா?

உன் அடக்கத்தன்று உங்கள் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, “எம் பொண்ணு அங்க என்னா வேலதாம்மா பாத்தா? கேட்டா, ‘உனக்குப் புரியாதும்மா’ன்னுடுவா,” என்றார். “கம்ப்யூட்டர் வேலதாம்மா,” என்று மட்டும் அன்று சொல்லிவிட்டு வந்தேன். இந்த ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து அவர் வீட்டுக்கு வந்ததும் போய் உட்கார்ந்து, முதலிலிருந்து கடைசிவரை அவருக்குப் புரிகிற மாதிரிச் சொல்வேன். நான் சிரித்ததையும் விடமாட்டேன்.

உன் சொல்லைக் கேட்காத அக்கா,
கலா