எனக்கும் அதே

ஜனவரி 23, செவ்வாய்

வெளியே மைனஸ் பதினாறு டிகிரி. நான் வேலை பார்க்கும் பல் மருத்துவமனைக்கு நேரம் வாங்கியிருந்த மூன்று பேர் வரவில்லை. வரவேற்பு மேசையில் சும்மா உட்கார்ந்திருந்தேன். அப்பா போனில் கூப்பிட்டார்.

"லீனா, உணவகங்கள்ல குளிர்கால உணவு விழா தொடங்குதாமே. என்னையும் கூட்டிட்டுப் போறியா?"

என் அப்பாவா? ஒரு போர்த்துகீசியத் தீவிலிருந்து வந்து, டொரொன்டோவில் நாற்பது வருஷம் கொத்தனார் வேலை பார்த்துவிட்டு, இந்த ஊர் உணவகங்களை "தட்டு பெரிசு, சாப்பாடு சிறிசு" என்று திட்டியே வந்தவர். ஆனால் அம்மா போன இந்த மூன்று வருஷத்தில் அவர் வாய்விட்டுக் கேட்ட முதல் ஆசை இது. மறுப்பேனா?

ஜனவரி 27, சனி

முதல் உணவகம், மதியச் சாப்பாடு. விழாவுக்கென்று தனி மெனு: தொடக்கம், முக்கிய உணவு, இனிப்பு, ஒவ்வொன்றுக்கும் மூன்று வகை. நான் காளான் சூப்பும் வாத்தும் எலுமிச்சை இனிப்பும் சொன்னேன்.

"எனக்கும் அதே" என்றார் அப்பா.

காளானா! அம்மா அதை நறுக்க ஆரம்பித்தாலே வாசலுக்குப் போய்விடுகிற மனிதர். இன்று மருந்து குடிப்பதுபோல ஒரே மூச்சில் குடித்து முடித்தார்.

"உங்களுக்குப் பிடிக்காதேப்பா?"

"வயசானா நாக்கு மாறும்டி."

ஜனவரி 28, ஞாயிறு

நாக்கு அப்படியெல்லாம் மாறுமா என்ன?

ஜனவரி 30, செவ்வாய்

இரண்டாவது உணவகம். இந்தமுறை வேண்டுமென்றே, "நீங்க முதல்ல சொல்லுங்கப்பா" என்றேன்.

மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் அட்டையைப் பார்த்தார். பரிமாறும் பெண் காத்திருந்தாள். அவர் கட்டைவிரல் மெல்ல இறங்கிக் கடைசி வரியில் நின்றது. "இது."

அந்த வரியில் இருந்தது: ஏதாவது ஒவ்வாமை இருந்தால் தயவுசெய்து தெரிவிக்கவும்.

"என்ன ஒவ்வாமை, சார்?" என்றாள் அந்தப் பெண், நல்லவிதமாகத்தான். அப்பா என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை — எனக்குப் புரிந்துவிட்டது.

"அப்பாவுக்குக் காளான் ஆகாது" என்றேன்.

காரில் ஏறியபிறகுதான் கேட்டேன். "எவ்வளவு நாளா இப்படி?"

"எவ்வளவு நாளா என்ன, படிச்சாத்தானே மறக்க. தீவுல எட்டு வயசுலயே மாடு மேய்க்க அனுப்பிட்டாங்க. உங்கம்மாவுக்குத் தெரியும். அவதான் எல்லாத்தையும் படிச்சுச் சொல்வா."

பள்ளியிலிருந்து மதிப்பெண் அட்டை கொண்டுவந்து நீட்டுவேன். ஒரு பார்வை பார்த்துவிட்டு, "அம்மாகிட்ட காட்டு" என்பார். இவருக்கு என்மேல் அக்கறையே இல்லை என்று எத்தனை ராத்திரி தலையணைக்குள் அழுதிருக்கிறேன்! நாற்பத்தாறு வயதாகிறது எனக்கு. இத்தனை வருஷமும் அந்தக் கோபத்தைப் பத்திரமாக வைத்திருந்தேனே.

"ஏம்ப்பா சொல்லல? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!" கத்தியே விட்டேன்.

"நீ படிச்ச புள்ள. சொன்னா என்னை எப்படிப் பாத்திருப்பே?"

வண்டியைக் கிளப்பினேன். வைப்பர் பனியைத் தள்ளிக்கொண்டே இருந்தது.

பிப்ரவரி 1, வியாழன்

விழாவின்மேல் அவருக்கு ஏன் திடீர் ஆசை என்று இன்று கேட்டேன். காது சிவந்துவிட்டது மனிதருக்கு. போர்த்துகீசியர் மன்றத்தில் சீட்டாட வரும் தியோலிண்டா என்ற பெண்மணி! அவரை வெளியே சாப்பிடக் கூட்டிப்போக வேண்டுமாம்.

"மத்த இடத்துல மெனு புத்தகம் மாதிரி இருக்கும். விழாவுல மூணுல ஒண்ணுதானே. நீ முன்னாலயே படிச்சுக் காட்டினா மனப்பாடம் பண்ணிடுவேன்."

சமையலறை மேசையில் ஒத்திகை. நான்தான் பரிமாறுகிறவள்.

"சார், என்ன சாப்பிடுறீங்க?"

"உன் மூஞ்சிய."

"அது மெனுவுல இல்ல சார்."

வயிறு வலிக்கச் சிரித்தோம். அம்மா இருந்திருந்தால்... அம்மாவும் சிரித்திருப்பாள் என்றுதான் நினைக்கிறேன்.

பிப்ரவரி 3, சனி

அப்பாவுக்கும் தியோலிண்டாவுக்கும் பன்னிரண்டரைக்கு மேசை. இப்போது ஒன்றரை. நான் ஏன் நகம் கடிக்கிறேன்?

பிப்ரவரி 4, ஞாயிறு

தேவாலயத்தில் பூசை முடிந்து அப்பா நேரே என் வீட்டுக்கு வந்தார்.

பட்ட பாடெல்லாம் வீண். சமையல்காரர் பாதி மெனுவை மாற்றிவிட்டாராம். புது வகைகளைப் பரிமாறும் பையன் வாயாலேயே மளமளவென்று ஒப்பித்திருக்கிறான். ஒரே கூட்டம், இரைச்சல். தியோலிண்டா எல்லாவற்றுக்கும் புன்னகைத்துத் தலையாட்டியிருக்கிறார்.

"அவளுக்குக் காது மந்தம், லீனா. அழகா வரணும்னு கருவியை வீட்டுலயே கழட்டி வச்சுட்டா."

அப்பாவுக்கோ காதால் கேட்டதெல்லாம் கல்லில் வெட்டியதுபோல நிற்கும். மேஸ்திரிகள் சொன்ன அளவை நாற்பது வருஷம் அப்படித்தானே மனதில் வைத்திருந்தார்! பையன் சொன்னதை ஒன்றுவிடாமல் தியோலிண்டாவின் காதருகே குனிந்து சொல்லியிருக்கிறார். தியோலிண்டா மீன் கேட்டாராம்.

"நீங்க?"

"ஆட்டுக்கறி" என்றார், நெஞ்சை நிமிர்த்தி.

"உங்க விஷயத்தைச் சொன்னீங்களா?"

"டிராம் நிறுத்தத்துல அவ காது விஷயத்தை ஒத்துக்கிட்டா. அப்புறம் நான் எப்படி வாயை மூடிட்டு நிக்கிறது? சொன்னேன்."

"என்ன சொன்னாங்க?"

"'என்னது?'ன்னா. எனக்குப் படிக்கத் தெரியாதுன்னு ரெண்டு தடவை கத்தினேன். தெருவே திரும்பிப் பாத்துச்சு."

மார்ச் 10, ஞாயிறு

ரொட்டி கொடுக்க அப்பா வீட்டுக்குப் போனேன். கீழ்ப்படியிலேயே தியோலிண்டாவின் குரல். காது மந்தமானவர்களுக்கே உரிய பெருங்குரலில் போர்த்துகீசியப் பத்திரிகையின் கால்பந்துப் பக்கத்தைப் படித்துக்கொண்டிருந்தார்.

"மூணாவது கோல் யாரு? மறுபடி படி!" என்று அவருக்குக் கேட்கும்படி அப்பா கத்தினார். அவரும் மறுபடி படித்தார்.

அந்தப் பக்கம் முடியும்வரை படியில் உட்கார்ந்திருந்துவிட்டு, பிறகு கதவைத் தட்டினேன்.