பென்சில் குறியிட்ட பெயர்கள்

திங்கள், ஜூலை 7

காலையிலிருந்தே தூறல். ஹப்சிகுடா மெட்ரோ தூண்களைச் சுற்றித் தண்ணீர். பள்ளி வேன் இருபது நிமிடம் தாமதம்.

இன்று எனக்கு மாணவத் தலைவர் பேட்ஜ். பன்னிரண்டு பேருக்குக் கொடுத்தார்கள். புதுப் பிரின்சிபல் சார் (இனி பி.சா.) சொன்னது: "நம் பள்ளியில் தலைவர் என்பவர் இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு மற்றவர் காலைக் கழுவுகிறவர்." அவர் ஆங்கிலத்தில்தான் பேசுவார். நான் இங்கே தமிழில் எழுதிக்கொள்கிறேன்.

என் வேலைகள்:
- மதியம் ஒன்றாம் வகுப்புக்குத் தண்ணீர் ஊற்றுவது
- வாரம் ஒருநாள் படிக்கட்டு பெருக்குவது
- ஜெபக் குறிப்பேடு. யார், எதற்காக ஜெபிக்கச் சொன்னார்கள் என்று எழுதி, வெள்ளிதோறும் பி.சா.விடம்

பெயர் எழுத வேண்டுமா என்று கேட்டேன். "பெயரில்லாமல் ஜெபித்தால் உள்ளத்தில் பாரம் வராது, மகளே."

மதியம் உணவுக்கூட மேசைகளை அவரே துடைத்தார். இப்படி ஒரு பெரியவரை நான் பார்த்ததில்லை.

புதன், 9

குறிப்பேட்டில் இதுவரை பதினொன்று. வாட்ச்மேன் தாத்தாவின் முழங்கால் வலி. 2-பி பையனின் தொலைந்த நாய்க்குட்டி. ரேச்சலுக்கு இரண்டே இரண்டு. அவளும் பேட்ஜ்காரிதான்.

"ஹவ், ஆமா, உன்கிட்ட எல்லாரும் சொல்றாங்க. உன் மூஞ்சி அப்படி. என்கிட்ட சொன்னா சாயந்திரத்துக்குள்ள தார்நாக்கா வரைக்கும் போயிரும்ல."

ஒன்றாம் வகுப்பு லீதியாள் மிஸ்ஸும் சொன்னார். எங்கள் திருநெல்வேலிப் பக்கம். தண்ணீர் ஊற்றும்போது மெதுவாக, "ஏட்டி, எனக்காகவும் ஒரு வார்த்தை ஜெபிச்சுக்கோ. மாத்திரைய மாத்திட்டாங்க. ஞாயித்துக்கிழமை வலிப்பு வந்துட்டு. மூணு வருசம் வராம இருந்துது. இங்க யாருக்கும் தெரியாதுட்டி."

மாத்திரையின் பெயரும் கேட்டேன். எழுத்துக்கூட்டி எழுதினேன். 'இங்கு யாருக்கும் தெரியாது' என்பதையும் சேர்த்து எழுதினேன். உள்ளதை உள்ளபடி எழுதுவதுதானே முறை.

வெள்ளி, 11

மழை இல்லை, புழுக்கம். கணக்குத் தேர்வு சுமார்.

பி.சா. குறிப்பேட்டை வரி வரியாக வாசித்தார். இரண்டு பெயர்களுக்குப் பக்கத்தில் பென்சிலால் சின்னக் குறி. வாட்ச்மேன் தாத்தா, லீதியாள் மிஸ். பிறகு முழங்காலிட்டு ஜெபித்தார். கண்ணீர் வந்தது அவருக்கு. எனக்கும்.

வெளியே வந்து செருப்பு போடும்போது உள்ளே நகல் எடுக்கும் இயந்திரத்தின் சத்தம்.

திங்கள், 14

வாசலில் புது ஆள். தாத்தாவுக்கு 'ஓய்வு' கொடுத்துவிட்டார்களாம். "களைத்தவரை இளைப்பாறச் செய்வதும் ஊழியமே" என்று பி.சா. காலை ஜெபத்தில் சொன்னார். எல்லாரும் ஆமென். நானும்.

ரேச்சல்: "நீ சொன்னியே ரெண்டு டிக், அதுல தாத்தா உண்டா?"

"உண்டு. கைக்கு? ஏன் கேக்க?"

"சும்மா. இன்னொண்ணு யாரு?"

பையைத் தூக்கிக்கொண்டு வகுப்புக்குப் போனேன். மதியச் சாப்பாடு டப்பாவில் அப்படியே வீட்டுக்குத் திரும்பி வந்தது.

செவ்வாய், 15

அம்மாவிடம் சொன்னேன். மீன் கழுவிக்கொண்டிருந்தாள். கை நின்றது.

"ஜெபிக்கச் சொன்னத எழுதியா குடுத்தே?"

"சார் கேட்டாரும்மா."

"ஆண்டவருக்குத் தெரிஞ்சா போதாதோ? சாருக்கும் தெரியணுமாக்கும்."

நான் அழுதேன். அம்மா கையைக் கழுவிவிட்டு வந்து, "நாளைக்கே போயி அந்த மிஸ்கிட்ட சொல்லிரு. ஏசுவா. ஏசட்டும்."

புதன், 16

சொல்லப் போனேன். இரண்டு முறை வாயைத் திறந்தேன். மிஸ் ஒரு குழந்தையின் டிபன் டப்பாவை நீட்டி, திறந்து கொடுக்கச் சொன்னார். அதற்குள் பியூன் வந்தார், பி.சா. கூப்பிடுகிறார் என்று.

பத்து நிமிடத்தில் திரும்பி வந்து குட்டி நாற்காலியில் உட்கார்ந்தார்.

"சார் எனக்காக முழங்கால்ல நின்னு ஜெபிச்சாருட்டி. மாத்திரை பேரச் சொல்லி ஜெபிச்சாரு."

என்னைப் பார்த்தார். "நான்தான் மிஸ்" என்றேன். ஏசவில்லை. ஏசியிருக்கலாம்.

மிஸ் தானே வேலையை விடுவதாக ஒரு கடிதத்தை பி.சா. முன்பே அடித்து வைத்திருந்தாராம். கையெழுத்து மட்டும் பாக்கி. மிஸ் போடவில்லை. வேலை பார்க்கலாம் என்று டாக்டர் கொடுத்த கடிதத்தை நீட்டியிருக்கிறார். பி.சா. அதைப் பிரிக்கவே இல்லை. வெள்ளியன்று பள்ளி நிர்வாகக் கமிட்டி முன்னால் வரச் சொல்லியிருக்கிறார்.

வியாழன், 17

பி.சா. அறை. எனக்கு அவரே டீ ஊற்றிக் கொடுத்தார். நாளை பதினொரு மணிக்கு நானும் வர வேண்டுமாம். மிஸ் சொன்னதைத் திரும்பச் சொன்னால் போதுமாம்.

"இது குற்றச்சாட்டு இல்லை, மகளே. சாட்சி. அந்தச் சின்னப் பிள்ளைகளை நினைத்துப் பார்."

நினைத்துப் பார்த்தேன். வகுப்பில் மிஸ் விழுந்தால்? முப்பது குழந்தைகள். அவர் சொல்வதில் பொய் இல்லை. ஆனால் அதை டாக்டரிடம் அல்லவா கேட்க வேண்டும்? என்னிடம் ஏன்?

அடுத்த வருடம் ஹெட் கேர்ள் நான்தானாம். எழுந்தபோது புதுக் குறிப்பேடு ஒன்று தந்தார். இதில் கட்டம் போட்டு அச்சடித்திருக்கிறது. பெயர். வகுப்பு அல்லது வேலை. பலவீனம்.

வெள்ளி, 18

கமிட்டியில் ஐந்து பேர். கதவோரம் லீதியாள் மிஸ், மடியில் கவர். பி.சா. புன்னகையோடு, "சொல், மகளே."

நான் சொன்னது, நினைவிருக்கும் வரை: "மிஸ் என்னை ஆண்டவரிடம் சொல்லச் சொன்னார். நான் உங்களிடம் சொன்னேன். அது என் தப்பு. இன்னொரு முறை சொல்ல மாட்டேன். டாக்டர் கடிதம் மிஸ்ஸிடம் இருக்கிறது. அதை வாசியுங்கள்."

கடைசி வரி இரண்டு முறை வந்துவிட்டது.

"முதலில் ஜெபிப்போம்" என்றார் பி.சா. எல்லாரும் கண்ணை மூடினார்கள். நான் மூடவில்லை. அவரும் மூடவில்லை. ஜெபித்துக்கொண்டே என்னைப் பார்த்தார், ஆமென் வரை.

கமிட்டியில் இருந்த ஒரே பெண்மணி கையை நீட்டிக் கடிதத்தை வாங்கினார். இரண்டு பக்கமும் வாசித்தார். மிஸ் திங்களன்று வகுப்பு எடுக்கட்டும், கூட ஓர் ஆயா இருக்கட்டும் என்றார். பி.சா. தலையசைத்தார். புன்னகை அப்படியே.

மாலை ஆறு மணி. அப்பாவுக்குப் பள்ளியிலிருந்து போன். என் ஆவிக்குரிய வளர்ச்சியைப் பற்றிப் பேச வேண்டுமாம். நாளை பத்து மணிக்கு, அப்பா மட்டும்.

"என்னட்டி அது?" என்கிறார் அப்பா. சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டிருக்கிறார்.