கிழித்த தேதிகள்

புலாவ் செபாங்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள காந்தன் அண்ணனுக்கு, தங்கை தேவிஸ்ரீ எழுதுவது.

நீ சிங்கப்பூரில் பழுது பார்க்கும் போர்க்கப்பலுக்கு எங்கள் கம்பெனி கெட்டுப்போன ரப்பர் வளையங்களை அனுப்பியிருக்கிறது. உறைகளில் பொய்த் தேதி ஒட்டியது நான்தான்.

முதல் இரண்டு கடிதத்திலும் சுற்றி வளைத்து எழுதினேன். நீ பதில் போடவில்லை. போன் அடித்தாலும் துண்டிக்கிறாய்.

வேலைக்குச் சேர்ந்தபோது சிவசாமி முதலாளி பெருமையாகச் சொன்னார். உன் கப்பலோடு சேர்த்து ஒரே வரைபடத்தில் கட்டிய ஐந்து நாசகாரிக் கப்பல்களாம். மூன்றை உடைத்தாயிற்று. பாகங்கள் செய்த தொழிற்சாலையும் மூடியாயிற்று. மிச்சமுள்ள இரண்டும் ஓடுவது உடைத்த கப்பல்களின் உறுப்புகளாலும், எங்களைப் போன்றவர்கள் தேடிப்பிடிக்கும் பழைய சரக்காலும்தான்.

எண்ணெய்க் குழாய் வளையங்களின் உறையில் தயாரித்த வருஷம் 2003 என்று இருந்தது. கிழித்துவிட்டு 2022 ஒட்டச் சொன்னார். கேட்டதற்கு, "உனக்கு வயசானா நீ வேற ஆளாயிடுவியா? ஒட்டு லா" என்றார். பாச்சாங் ஊரிலிருக்கும் கம்பெனிக் கடையில் என்னோடு பொட்டலம் கட்டும் ஜொஹரா அக்காகூட, கப்பலே கிழவி, கிழவிக்கு எதுக்குடி புது நகை என்று சிரித்தார். நானும் சிரித்தேன். நூற்றிருபது உறை ஒட்டினேன்.

கடைசி வளையத்தை வளைத்துப் பார்த்தேன். வெளிப்பக்கம் முழுக்க மயிரிழை வெடிப்பு. அப்பா நாற்பது வருஷம் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவினார். செத்த ரப்பர் எப்படி இருக்கும் என்று நம் இரண்டு பேருக்கும் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

வீட்டில் ஒன்றும் விசேஷமில்லை. பேச ஆளில்லாததால் டிவியைச் சத்தமாக வைத்துச் சமைக்கிறேன். உன் அறை ஃபேன் இறுகிவிடாமல் இருக்க வாரம் ஒருமுறை ஓடவிடுகிறேன். அதன் எதிரே கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வருவேன்.

வெள்ளிக்கிழமை சரக்கு பெற்றுக்கொண்ட தாள் ஆபீசுக்கு வந்தது. எல்லா வளையமும் சரி. சோதித்தவர், காந்தன் த/பெ பெரியதம்பி. கீழே உன் கையெழுத்து. இருபதாம் தேதி கப்பலைக் கடலில் ஓட்டிப் பார்ப்பதாகவும் போட்டிருந்தது. வளையம் விட்டுப்போய்ச் சூடான எஞ்சின் மேல் எண்ணெய் பீய்ச்சினால் எப்படித் தீப்பிடிக்கும் என்று எனக்குச் சொன்னவனே நீதான்.

சிவசாமியிடம் எனக்கு வேலை வாங்கிக் கொடுத்தவன் நீ. அதற்குப் பதிலாக அவருக்கு என்ன கொடுத்தாய்?

கிழித்த பழைய சீட்டுகள் பிஸ்கட் டின்னில் பத்திரமாக இருக்கின்றன. பதினெட்டாம் தேதி அவற்றை உன் யார்டு மேலாளருக்கு அனுப்பப் போகிறேன். என் பேரும் கெடும், உன் பேரும் கெடும். நீ கப்பலில் ஏறாவிட்டாலும் அந்த எஞ்சின் அறையில் வேறு யாராவது இருப்பார்கள்.

அதற்குள் நீயே போய்ச் சொல்லிவிடு. நீ முழு உடம்போடு கரையில் நிற்க வேண்டும் என்று தினமும் விளக்கேற்றுகிறேன்.

கையெழுத்துப் போடும் முன் ஒரு வளையத்தையாவது வளைத்துப் பார்த்தாயா? அதை மட்டும் எழுது, அண்ணா.

தேவி