நான் சாத்திய கேட்

அன்புள்ள அப்பாவுக்கு, எல்ஸ்பெத் வணக்கத்துடன் எழுதுவது. முழங்கால் வலி எப்படி இருக்கிறது? ஆடுகளோடு குன்றில் ஏறி இறங்குவதைக் கொஞ்சமாவது குறைத்தீர்களா? நான் நலம்.

வேல்ஸ் கடற்கரையில் என் வேலை உங்களுக்குச் சிரிப்பாக இருக்கும். ஓய்வுபெற்றவர்களைத் தோட்டம், வயல், மீனவர் கிராமம் என்று மெதுவாக நடத்திக் கூட்டிப்போகிறேன். போன வாரம் ஒரு மேய்ச்சல் நிலத்தில் கேட் திறந்திருந்தது. யாரோ அதைக் கயிறு போட்டு வேலியோடு கட்டியிருந்தார்கள். நான் கயிற்றை அவிழ்த்துக் கேட்டைச் சாத்தி, பொறுப்பைப் பற்றி எல்லோருக்கும் ஒரு பிரசங்கமும் செய்தேன்.

மறுநாள் நிலத்துக்குச் சொந்தக்காரரான நெரிஸ் அம்மாள் வந்தார். "தண்ணித் தொட்டி அந்தப் பக்கம் இருக்கும்மா. வெயில்ல என் ஆடுங்க பூரா கேட்டு முன்னாடியே நின்னுச்சு. திறந்திருந்தா திறந்தபடியே விடணும்னு தெரியாதா?" என்றார். ஒரு ஆட்டுக்கும் ஒன்றும் ஆகவில்லை, கவலைப்படாதீர்கள்.

"பட்டணத்துப் பொண்ணு, பாவம். உங்கப்பா என்ன பண்றாரு?" என்று கேட்டார். உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. வங்கியில் வேலை என்று சொல்லிவிட்டேன்.

என் கம்பளிக் காலுறைகளைத் தபாலில் அனுப்ப வேண்டாம். அடுத்த மாதம் நீங்களே கொண்டுவாருங்கள். மாலையில் இங்கே பேச ஆளில்லை.

நடக்க வந்தவர்கள் வாசலில் நிற்கிறார்கள், முடிக்கிறேன். நீங்கள் வரும் வழி நெரிஸ் அம்மாளின் நிலத்தைத் தாண்டித்தான். வழக்கம்போல ஆட்டின் வாயைத் திறந்து பல்லைப் பார்த்துவிடாதீர்கள், அப்பா. நீங்கள் வங்கிக்காரர்.