கொடி ஏறாத செவ்வாய்க்கிழமை

அம்மா,

நேற்று பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு துணிக்கடையில் பனியன் வாங்க நின்றிருந்தேன். பக்கத்தில் நின்ற யாரோ ஒரு பள்ளிக்கூடத்து ஆளுக்குக் கடைக்காரர் தேசியக் கொடியை விரித்துக் காட்டினார். புதுக் கதர், கஞ்சி மொடமொடப்பு, லேசாகச் சாய வாசனை. எனக்குக் கோபம் வந்தது. கொடி மேல் இல்லை, உன் மேல்தான். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமலே போய்ச் சேர்ந்துவிட்டாய்.

எனக்குச் சுற்றி வளைத்துப் பேச வராது. நேராகவே கேட்கிறேன். கள்ளிக்குப்பத்து வீட்டில் நீ கொடி ஏற்றியது எதற்காக?

அதுவரை சுதந்திர தினம் என்றால் உனக்குக் கம்பெனி லீவு, போர்வை துவைக்கிற நாள். அவ்வளவுதான். ஏரிப் புறம்போக்கில் பட்டா இல்லாத இடம். அப்பா போன பிறகு இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் பேக்கிங் வேலை பார்த்து, ஹாலோ பிளாக் சுவரும் ஆஸ்பெஸ்டாஸ் கூரையுமாக நீ எழுப்பிய வீடு. அந்த வருடம் ஆக்கிரமிப்பு அளக்க வந்தவர்கள் நம் சுவரில் சிவப்புப் பெயிண்டால் ஒரு நம்பர் எழுதிவிட்டுப் போனார்கள். அடுத்த மாதமே நீ கையில் ஒரு கொடியோடு வந்து நின்றாய்.

“ஒரு கம்பம் பண்ணிக் குடுடா. டிப்ளமா படிச்சிகினு கீறியே, இதுகூட வராதா?”

முக்கால் இஞ்ச் ஜி.ஐ. பைப், உச்சியில் சின்னதாக ஒரு கப்பி, சுவரில் இரண்டு கிளாம்ப். அரை நாள் வேலை. மாட்டிக்கொண்டே கேட்டேன்: “கொடி பறக்கிற ஊட்ட இடிக்க மாட்டான்னுதானே இதெல்லாம்?”

“போடா. எல்லாத்துக்கும் ஒரு காரணம் கேட்டுகினு” என்றாய். இல்லை என்று சொல்லவில்லை. அதை அன்றைக்கே மனதில் குறித்துக்கொண்டேன்.

ஆகஸ்ட் பதினைந்து காலையில் கொடி ஏறியது. எதிர்வீட்டு சரோஜா அக்கா இடுப்பில் குடத்தோடு நின்று சிரித்தாள். “இன்னாக்கா, உன் ஊடு இன்னா கலெக்டர் ஆபீஸா? இனிமே உள்ள வரணும்னா மனு குடுக்கணுமா?”

“நீ மனு குடுத்தாலும் உட மாட்டேன்டி” என்றாய். தெருவே சிரித்தது. நான் உன் கண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீ கொடியைப் பார்க்கவில்லை. ஜீப் வருகிற ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

ஆனால் சாயங்காலம் வேறு ஆள் ஆகிவிட்டாய். “பொழுது சாயுது, எறக்குடா. இருட்டுல பறக்கக் கூடாது” என்று விரட்டினாய். கம்பெனி வாட்ச்மேன் சொல்லித் தந்தாராம். அந்தக் காலத்துச் சட்டப்படி நம்மைப் போன்றவர்கள் வீட்டில் ஏற்றுவதற்கென்று சில நாட்கள்தான் உண்டாம். கண்ட நாளில் ஏற்றினால் கேஸாம். காந்தி ஜெயந்திக்கு ஏற்றினாய், குடியரசு தினத்துக்கு ஏற்றினாய். இரண்டு தடவையும் வெளிச்சம் இருக்கும்போதே இறக்கி மடித்து வைத்தாய்.

புல்டோசர் வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. பின்னாலேயே ஒரு லாரி போலீஸ். ஏரிக்கரை ஓரத்து வரிசை சரியத் தொடங்கியதும் சரோஜா அக்கா ஓடி வந்து உன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“கொடிய ஏத்துக்கா! அதுக்குத்தானே கம்பம் நட்ட?”

“இன்னிக்கு இன்னா நாளு?”

“செவ்வாக்கெழமை!”

“செவ்வாக்கெழமைக்கு யாராச்சும் கொடி ஏத்துவாங்களாடி? போலீசு நிக்குது. புடிச்சிகினு போயிடுவான்.”

“போவட்டுமே! ஊடு நிக்குமில்ல?”

அவள் பார்வை என் மேல் திரும்பியது. எனக்கு ஆவடி கவர்மெண்ட் ஃபேக்டரியில் வேலை கிடைக்கிற நேரம். வீட்டில் கேஸ் ஏதும் உண்டா என்று பார்க்கிற போலீஸ் விசாரணை ஒன்றுதான் பாக்கி.

“ஓ, அப்படியா சேதி! புள்ள வேல போயிடும். அதான் கொடி ஏற மாட்டேங்குது. எங்க ஊடு போனா உனக்கின்னா?”

ஒரு வார்த்தை சொன்னால் ஒன்பது வார்த்தை திருப்பிச் சொல்கிறவள் நீ. அன்றைக்கு உள்ளே போய்ப் பாயைச் சுருட்டத் தொடங்கினாய். அவள் வீடும் போயிற்று, நம் வீடும் போயிற்று. கம்பத்தை யாரோ பழைய இரும்புக்கு எடுத்துப்போனார்கள். அதற்கப்புறம் சரோஜா அக்கா உன்னோடு பேசவே இல்லை.

மேனாம்பேட்டில் ஒற்றை அறை வாடகைக்கு எடுத்தோம். வேலை வந்தது. ஆவடியில் குவார்ட்டர்ஸும் வந்தது. அங்கே முதல் ஆகஸ்ட் பதினைந்துக்கு, உனக்குச் சந்தோஷமாக இருக்குமே என்று பால்கனிக் கம்பியில் கிளாம்ப் மாட்டினேன்.

“இது கவுர்மெண்டு ஊடு. இத எவன் வந்து இடிக்கப் போறான்? கழட்டுடா” என்றாய்.

இங்கேதான் எனக்கு உதைக்கிறது. ஒரே சாமானை இரண்டு தடவை அளந்தால் ஒரே அளவு வரவேண்டும். உன்னை அளந்தால் வருவதில்லை. கொடி வீட்டைக் காப்பாற்றத்தான் என்றால், தேவைப்பட்ட அன்றைக்கு ஏன் ஏற்றவில்லை? மரியாதைதான் காரணம் என்றால், குவார்ட்டர்ஸில் ஏன் கழற்றச் சொன்னாய்? இரண்டையும் தள்ளிவிட்டால் மிச்சம் நிற்பது சரோஜா அக்கா சொன்னதுதான்.

ஆஸ்பத்திரியில் கடைசியாக ஒரு தடவை கேட்டேன். “எனக்காகத்தான் ஊட்ட உட்டுட்டியா?”

நீ சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாய். “இன்னும் அதையே புடிச்சிகினு கீறியா? அந்தக் கூரை மழைக்கு ஒழுவும்டா” என்றாய்.

ஒழுகியது உண்மைதான். அதற்காக நீ சொன்னதை நான் நம்பவில்லை.

இப்போது யார் எனக்கு எதைக் கொடுத்தாலும், ‘இது ஒண்ணும் பெருசில்ல’ என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும், சந்தேகம் வந்துவிடுகிறது. இதற்காக இவர்கள் எதை விட்டுவிட்டு வந்தார்கள் என்று துருவுகிறேன். உன் மருமகள் கடைசித் தோசையை என் தட்டில் வைத்துவிட்டுத் தனக்குப் பசியில்லை என்கிறாள். மதியம் என்ன சாப்பிட்டாய், எத்தனை மணிக்கு என்று கேட்கிறேன்.

“உங்களுக்கு எல்லாத்துலயும் சந்தேகம்தான்” என்று எரிந்து விழுகிறாள்.

ஆமாம் என்று சொல்லிவிட்டுத் தட்டை அவள் பக்கம் தள்ளுகிறேன். அவள் சாப்பிட்டு முடிக்கிறவரை எழுந்து போவதில்லை.