ஸ்ட்ரிங்ஸ் போட்டால் பிரசங்கம் முடியும்

மே 9, வெள்ளி. வெயில் மண்டையைப் பிளக்கிறது.

உலகத்தாருக்கும், குறிப்பாக எங்கள் சபையின் கடைசி பெஞ்சில் வாசம்பண்ணுகிறவர்களுக்கும் இதனால் அறிவிப்பது: விடுமுறை வேதாகமப் பள்ளிக்கு வந்த வாண்டு ஒன்று ரோஸ்மில்க் ஊற்றியதால் ஒட்டிக்கிடந்த கீபோர்டின் எஃப் கீ இன்று காலை பூரண சுகம் பெற்றது. சிகிச்சை: நான், பட்ஸ், கொஞ்சம் ஸ்பிரிட்.

மாலை வாலிபர் கூட்டம். பாட்டு முடிந்து பாஸ்டர் செய்தி. 'ஃபாஸ்டர்' என்பதெல்லாம் பெயரில் மட்டும்தான். மூன்று குறிப்பு என்றார். முதல் குறிப்பிலேயே தூங்கி விழுந்தேன். முழங்கை விழுந்த இடம் கீபோர்டு. கடைசிப் பாட்டுக்கு வைத்த ஸ்ட்ரிங்ஸ் (பத்து வயலின் சேர்ந்து அழுகிற) சத்தம் அப்படியே இருந்தது, உருக்கமாக. சமாளிக்க வேண்டுமே. முழங்கையை எடுத்து, மூன்று கீ சேர்த்து எஃப் கார்டைப் பிடித்து, முடிவு ஜெபத்துக்கு வாசிப்பதுபோல் ஒவ்வொரு கார்டாகக் கீழே இறங்கினேன்.

முழங்கிக்கொண்டிருந்த பாஸ்டரும் கூடவே இறங்கினார். குரல் குழைந்தது, கண் மூடியது. "இந்த நல்ல வேளையிலே..." எல்லோரும் எழுந்துவிட்டார்கள். இரண்டாம், மூன்றாம் குறிப்புகள் இன்னும் அவர் பைபிளுக்குள்தான்.

நியூட்டனுக்கு ஆப்பிள். எனக்கு முழங்கை.

பக்கத்தில் ரிதம் பேட் வாசிக்கும் ஜெபா மட்டும் பார்த்துவிட்டான். எதற்குமே வாய் திறக்கமாட்டான். அவனுக்குப் பேட்தான் பேசும்.

மே 11, ஞாயிறு.

இரண்டாம் சோதனை. எலி: அறிவிப்பு வாசிக்கும் செயலாளர் அங்கிள். கல்யாண அறிவிப்பின் நடுவில் ஸ்ட்ரிங்ஸ் போட்டு இறங்கினேன். அங்கிள் பெண்ணின் பெயரை வாசித்தார், மாப்பிள்ளை பெயருக்குப் போகாமல் கண்ணை மூடி ஜெபிக்கத் தொடங்கிவிட்டார். பெண்வீட்டார் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

பாஸ்டரும் பார்த்திருக்கிறார்.

"தம்பி ஜோயலு, கூட்டத்த முடிக்கிறது நானா, நீயா?"

மிகுந்த பயபக்தியோடு என் செருப்பைப் பார்த்தேன். தீர்ப்பு: சனிக்கிழமை வாடிப்பட்டியில் வாலிபர் கூடுகை. அவர் கை காட்டுமுன் ஸ்ட்ரிங்ஸ் கேட்டால், அன்றிலிருந்து நான் சேர் அடுக்குகிற ஊழியம். கீபோர்டு அவர் தங்கை மகன் ரூபனுக்கு. ரூபன் கீபோர்டு பரீட்சையில் ஐந்து கிரேடு பாஸ். ஷூ போட்டு வாசிப்பவன்.

சேருக்கு எஃப் கீ கிடையாது. ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை. (உப்புமா என்பதும் காரணம்.)

மே 14, புதன். பிராக்டிஸ். கரண்ட் இருமுறை போச்சு.

வாடிப்பட்டிக்கு எடுத்துப்போக வேண்டியவை, எங்கள் லீடர் எஸ்தர் அக்கா எழுதியது: ஜங்ஷன் பாக்ஸ், தண்ணி கேன், பாய், ஜோயலுக்குப் புத்தி. கடைசியது கடையில் ஸ்டாக் இல்லை.

கடைசி பெஞ்சுத் தூதுக்குழு வந்தது. நிகழ்ச்சி நிரலில் பாட்டு, செய்தி, சாட்சி, பிறகுதான் பிரியாணி. கர்த்தர் தனக்குச் செய்த நன்மையைச் சாட்சி சொல்ல யார் எழுந்தாலும் அனுமார் வால் மாதிரி நீளும் என்பது அவர்கள் கவலை.

"மாப்ள, அண்டா தொறந்த வாசம் வந்துச்சுன்னா நீ ஸ்ட்ரிங்ஸ் போட்டு எறக்கிரு."

சேர் விஷயத்தைச் சொன்னேன். பாஸ்டர் கண்ணை மூடியிருப்பார், யார் கண்டது என்றார்கள். இரண்டு லெக் பீஸ் பேசி முடித்தோம். சுதியும் சேர்ந்தது, சதியும் சேர்ந்தது.

ஒன்று குறித்துவைக்கிறேன். அந்த ஸ்ட்ரிங்ஸ் சத்தத்துக்குச் சபையில் பாதிப்பேர் அழுவார்கள். எஸ்தர் அக்காவுக்குத் தனி கர்ச்சீப் உண்டு. என்னிடம் மட்டும் அது பலிக்காது. எந்தப் பட்டன் என்று தெரிந்தவனுக்கு ஏது கண்ணீர்? இதுநாள்வரை ஒரு சொட்டு கிடையாது.

ஜெபா இன்று தாளம் தப்பினான். இடைவேளையில் யாருக்கோ போன் அடிக்கிறான், அந்தப் பக்கம் எடுக்கவில்லை. தினமும் இதே. பொண்ணு மேட்டர் என்று ஊரெல்லாம் பரப்பியாச்சு.

மே 17, சனி. வாடிப்பட்டி, தென்னந்தோப்பு. பந்தலுக்குள் அனல்.

செய்தி தானாகவே முடிந்தது. (நான் தொடவில்லை.) சாட்சி சொல்கிறவர்கள் வரலாம் என்று பாஸ்டர் சொல்லவும் அண்டா திறக்கவும் சரியாக இருந்தது. வாசம். கடைசி வரிசையிலிருந்து இருமல். சிக்னல்.

அப்போது எழுந்தது, என் பக்கத்து ஸ்டூல். ஜெபா. மைக்கை வாங்கி, "அது வந்து" என்றான். மறுபடி, "அது வந்து".

பாஸ்டர் கண் மூடியிருந்தது. போட்டுவிட்டேன். ஸ்ட்ரிங்ஸ், எஃப் கார்டு. இனி இறங்க வேண்டியதுதான்.

"எங்கண்ணே போன வருசம் அப்பாகூட சண்ட போட்டுட்டு திருப்பூர் போயிருச்சு. நான் டெய்லி போன் அடிப்பேன். எடுக்காது. நேத்து அதுவே அடிச்சுச்சு. சாப்ட்டியாடான்னு கேட்டுச்சு. சாப்ட்டேன்னேன். வச்சிருச்சு. அம்புட்டுதான் சாட்சி."

பந்தல் முழுக்க எஃப் மட்டும்.

பந்தியில் தூதுக்குழு என்னைச் சூழ்ந்தது, ஏன் இறக்கவில்லை என்று. எஃப் கீ ஒட்டிக்கொண்டது, வெயில், பழைய ரோஸ்மில்க் என்றேன். லெக் பீஸ் ரத்து. கழுத்துத் துண்டுதான் வந்தது.

பாஸ்டர் வந்தார். சேர் தூக்கச் சட்டைக் கையை மடித்துக்கொண்டேன்.

"கை காட்டல, இருந்தாலும் சரி. இன்னைக்கு வாசிச்ச மாதிரியே எப்பவும் வாசி தம்பி. கம்மியா."

ரூபன் வேறு வந்து, ஒரே கார்டை அத்தனை நேரம் பிடித்தது என்ன டெக்னிக் என்றான். அது கிரேடில் வராது, உள்ளேயிருந்து வரணும் என்றேன்.

வேனில் ஜெபா பக்கத்தில். பொண்ணு மேட்டர் பற்றி மன்னிப்புக் கேட்க வாயெடுத்து, தண்ணி கேனை நீட்டினேன். அவன்தான் பேசினான்.

"நீ வாசிக்கவும் முடிக்கச் சொல்றியோன்னு நெனச்சேன் மாப்ள."

"பெறகு ஏன்டா முடிக்கல?"

"நீ எறங்காம அங்கனயே நின்ன. சரி, பேசச் சொல்றான்னு பேசிட்டேன்."

ஆமாம்டா என்று சொல்லிவைத்தேன்.

அறிவிப்பு, எனக்கு மட்டும்: எஃப் கீ ஒட்டவில்லை. நல்ல சுகத்தோடுதான் இருந்தது. எது வெள்ளைக் கீ எது கறுப்பு என்று கண்ணுக்குத் தெரியவில்லை, அதனால் பிடித்த இடத்தை விடாமல் பிடித்துக்கொண்டேன். டெக்னிக் அம்புட்டுதான். புதன்கிழமை எழுதிய 'ஒரு சொட்டு' வரியை அடித்தாயிற்று.

காலையில் பட்ஸும் ஸ்பிரிட்டும் வேண்டும். கீபோர்டை நனைத்தது இந்தமுறை வாண்டு இல்லை.