கோமதி கல்யாணத்தில் ஜப்பான் காபி

மாட்டுங்கா,
19-2-1967

சிரஞ்சீவி பரசுவுக்கு அம்மா மனமார ஆசீர்வாதம். இங்கே உன் அப்பாவின் வயிற்று வாயு ஒன்றைத் தவிர எல்லோரும் சௌக்கியம், வாயுவும் சௌக்கியமாகத்தான் இருக்கிறது. ஜப்பான் கோபேயில் பனி கொட்டுகிறது என்று எழுதியிருந்தாய், காதை மூடிக்கொள், அந்த ஊர் வெந்நீர்த் தொட்டியில் எல்லாரோடும் சேர்ந்து இறங்காதே, யாருக்கு என்ன சொறி இருக்கிறதோ. உன் அக்கா கோமதியின் கல்யாணம் நல்லபடி முடிந்தது, உனக்கு லீவு கிடைக்காததைத் தவிர ஒரு குறையும் இல்லை என்று இரண்டு வரி எழுதத்தான் பேனாவை எடுத்தேன். ஆனால் நடந்ததை முழுக்கச் சொல்லாவிட்டால் உனக்கே ஆபத்து, இதில் உன் பெயரும் அடிபட்டிருக்கிறது.

மாப்பிள்ளை ராமசேஷனுக்கு இரண்டு வயதிலேயே அப்பா தவறிவிட்டார் என்று உனக்கு எழுதியிருந்தேன். அவன் அம்மா வாலாம்பாள் மாமி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ராத்திரி ஷிப்டும் பகல் ஷிப்டுமாகப் பார்த்து அவனை இன்ஜினீயர் ஆக்கினாள். ஆனால் சம்பந்தி என்று வந்து நம் வீட்டு பெஞ்சில் உட்கார்ந்தது அவனுடைய சித்தப்பா, செம்பூர் பஞ்சு. மனிதர் உத்தரவு போடுவதற்கென்றே பிறந்தவர். ரிசப்ஷனுக்கு வெல்வெட் சிம்மாசனம் இரண்டு, பாண்டு வாத்தியம், எல்லோருக்கும் இலைச் சாப்பாடு என்றார். ரேஷன் கடையில் அரிசியைக் கண்ணில் காட்டுவதில்லை, கூட்டத்துக்கு விருந்து வைத்தால் சர்க்கார் ஆள் வந்து இலையை எண்ணுகிறான் என்று உன் அப்பா மென்று முழுங்கினார். அப்போதுதான் கோமதி உள்ளேயிருந்து வந்து, "சிம்மாசனத்துல கொலு பொம்மையாட்டம் உட்காந்து, வரவா கையெல்லாம் குலுக்கி, கை வீங்கறதுக்கா கல்யாணம் பண்ணிக்கறேன்? பரசு எழுதினானே, ஜப்பான்ல பண்றா மாதிரி பண்ணிடலாம்" என்றாள். உன் முதலாளி வீட்டுக் கல்யாணத்தைப் பற்றி நீ விஸ்தாரமாக எழுதியதை அவள் அத்தனையும் மனப்பாடம் செய்து வைத்திருந்தாள். குலுக்காமல் குனிந்து வணக்கம், இலைக்குப் பதில் சின்ன டப்பாவில் பலகாரம், வந்தவர்களுக்கு நாம் பரிசு கொடுத்து அனுப்புவது, பெண்ணும் மாப்பிள்ளையும் மூன்று கிண்ணங்களில் மூன்று மூன்று வாய் அந்த ஊர் சாராயம் குடிப்பது. உன் அப்பா எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டே வந்து, சாராயம் வந்ததும் பேப்பரைக் கீழே வைத்து, "குடிக்கற பெர்மிட் யார் பேர்ல வாங்கறது?" என்று மட்டும் கேட்டார். கடைசியில் சாராயத்துக்குப் பதில் காபி என்று தீர்மானம் ஆயிற்று. ஃபாரின் என்ற வார்த்தை காதில் விழுந்ததும் பஞ்சுவும், "ஹை க்ளாஸா இருக்கும், பண்ணுங்கோ" என்று இறங்கி வந்துவிட்டார்.

முகூர்த்தத்தன்று காலையில் தேங்காய் எடுக்கக் காய்கறி வைத்திருந்த அறைக்குப் போனேன். பூசணிக்காய்க்கும் அரிசி மூட்டைக்கும் நடுவில் வாலாம்பாள் மாமி ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். வெளியே அவள் பிள்ளை தாலி கட்ட மணையில் உட்கார்ந்திருக்கிறான், நாயனம் கேட்கிறது. வாங்கோ மாமி என்று கையைப் பிடித்தேன். "வேண்டாம் மாமி, இங்கேர்ந்தே நன்னாத் தெரியறது" என்றாள். அங்கேயிருந்து தெரிந்தது சமையல்காரர் முதுகுதான். அத்தனை சாஸ்திரிகளுக்கு நடுவில் வாயைத் திறக்க எனக்குத் தைரியம் வரவில்லை பரசு. தேங்காயை எடுத்துக்கொண்டு திரும்பும்போதுதான், சாயங்கால விசேஷத்துக்கு சாஸ்திரிகளும் கிடையாது சாஸ்திரமும் கிடையாது என்பது உறைத்தது.

சாயங்காலம் வணக்கம் போடும் கட்டத்திலேயே சிரிப்புத்தான். யார் முதலில் நிமிர்வது என்று தெரியாமல் பஞ்சுவும் உன் அப்பாவின் ஆபீஸ் மானேஜரும் எதிரும் புதிருமாகக் குனிந்தே நின்றார்கள், பின்னால் வரிசை வாசல்வரை போய்விட்டது. பரிசுப் பொட்டலம் வாங்கியவர்களில் பாதிப் பேர் சுற்றிக்கொண்டு வந்து மறுபடி குனிந்தார்கள். பிறகு வெள்ளிக் கிண்ணங்கள் மூன்றும் வந்தன, சின்னது நடுத்தரம் பெரியது. பஞ்சு கூஜாவைக் கையில் எடுத்துக்கொண்டு, "நானே ஊத்திடறேன்" என்றார். நான் குறுக்கே போய், "மாப்பிள்ளையோட அம்மாதான் ஊத்தணும், அதுதான் அந்த ஊர் வழக்கம், பரசு எழுதியிருக்கான்" என்றேன். அப்படி ஒரு வரி உன் கடிதத்தில் இல்லை என்று எனக்கும் தெரியும், கோமதிக்கும் தெரியும். அவள் முகம் மாறாமல் ஆமாம் என்று தலையாட்டினாள், என் வயிற்றில் பிறந்தவள். பஞ்சு குரலைத் தாழ்த்தி, "மாமி, தாலி அறுத்தவா எப்படி மணையண்டை வரது? அந்த ஊர்ல ஒத்துப்பாளா?" என்று கேட்டார். "அந்த ஊர்ல தாலியே கிடையாது, அப்புறம் எங்கேர்ந்து அறுக்கறது?" என்றேன். ஜப்பான் சாஸ்திரம் அவருக்கு மட்டும் என்ன தெரியும்? கூஜாவைக் கீழே வைத்துவிட்டார்.

வாலாம்பாள் மாமி கதவருகே நின்று வரமாட்டேன் என்று கையை ஆட்டினாள். ராமசேஷன்தான் அங்கிருந்தே, "அம்மா, ஜல்தி வா, காபி ஆறி தண்டா ஆயிடும்" என்று கூப்பிட்டான். அவள் வந்தாள். பாதி தட்டிலும் பாதி கிண்ணத்திலுமாக ஊற்றினாள். ஒரே கிண்ணத்தில் இரண்டு பேரா, எச்சில் என்று பஞ்சுவின் மனைவி முணுமுணுத்ததால் இரண்டு பேரும் அண்ணாந்து தூக்கிக் குடித்தார்கள், மாப்பிள்ளையின் டெரிலின் கோட்டில் டிகாக்‌ஷன் வழிந்தது. ஜப்பான்காரன் பார்த்திருந்தால் கப்பல் ஏறி ஓடியிருப்பான். போட்டோ பிடிக்க வந்த தாராவி நஜிமுதீன், திருநெல்வேலிக்காரர், ஒதுங்கிய மாமியைப் பார்த்து, "ஓரத்துல நிக்கியளே, பாதி மொகம் வெளிய போயிரும், நடுவுல வாங்கம்மா" என்றார். அவளும் இந்தத் தடவை மறுக்காமல் பிள்ளைக்கும் நாட்டுப்பெண்ணுக்கும் நடுவில் போய் நின்றுகொண்டாள். அன்று ராத்திரி வீட்டுக்குப் போகும்போது என்னிடம் வந்து, "மாமி, நிஜமாவே பரசு அப்படி எழுதினானா?" என்று கேட்டாள். அப்புறம் அவளே, "வேண்டாம், சொல்லாதேங்கோ" என்று போய்விட்டாள்.

போட்டோ இத்துடன் வைத்திருக்கிறேன், மடிக்காமல் எடு. வேளைக்குச் சாப்பிடு, கம்பளிச் சட்டையைத் தோய்த்தால் நிழலில் உலர்த்து, அடுத்தது உன் கல்யாணம் என்பதையும் மறக்காதே. எந்தக் குறையும் இல்லாமல் தீர்க்காயுசாக இரு. முக்கியமான ஒன்று, பஞ்சு உன் விலாசத்தை அப்பாவிடம் வாங்கிப் போயிருக்கிறார், அந்த வழக்கம் நிஜமா என்று கேட்டு எழுதுவார். செம்பூரில் வைகாசியில் அவருடைய இரண்டாவது பிள்ளைக்குக் கல்யாணம், பெண்ணின் அம்மாவுக்குப் புருஷன் இல்லை. நான் சொன்னது மாப்பிள்ளையின் அம்மாவைத்தான், பெண்ணின் அம்மாவும் ஊற்றலாம் என்று அந்த ஊரில் இருக்கக் கூடாதா என்ன? யோசித்துப் பதில் எழுது.

இப்படிக்கு,
உன் அம்மா
பாகீரதி